பிளக் பொயின்ட்டிலிருந்து புரொசசர் வரை

பாகம் பாகமாக வாங்கிக் கணினி பூட்டுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புரொசசரில் தொடங்குவார்கள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர் சுவரிலிருந்து தொடங்குவது நல்லது. கொழும்பில், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவின் கணினிக் கடைகளுக்கு நடந்துபோகும் தூரத்தில் குடியிருப்பவர் தவறான ரேம் வாங்கிவிட்டால் பின்னேரமே போய் மாற்றிக்கொள்ளலாம். பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ இருப்பவர் முதலில் ஹட்டனுக்கு ஒரு பஸ் பிடிக்க வேண்டும். அங்கிருந்து கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை வழியாகக் கொழும்புக்கு இன்னொரு பஸ். போகவே நாலைந்து மணி நேரம், வர அதே அளவு, அன்றைய பேரும் (நாட்கூலியும்) இல்லை. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. இழக்கும் ஒரு நாட்சம்பளத்தோடு பஸ் காசையும் சாப்பாட்டையும் கூட்டிப் பாருங்கள்: பாகம் தவறாமல் இருக்க, வீட்டிலேயே ஒரு மாலை உட்கார்ந்து பட்டியல் எழுதுவது எவ்வளவு மலிவு என்று விளங்கும்.

இந்தப் புத்தகத்தில் எந்தப் பாகத்துக்கும் ரூபாய்க் கணக்கில் விலை போடவில்லை. 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனதை நாம் கண்டோம். கடைக்காரர்கள் காலையில் கொடுத்த விலையை மாலையில் மறுத்த காலம் அது. ரூபாய் ஒரு மாதிரி நின்ற பிறகு, 2025இன் கடைசியில் உலகம் முழுக்க ரேம் விலை ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் பெரிய தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதே அதற்குக் காரணம். ஆகவே விலையை வாங்கும் வாரத்தில் விசாரியுங்கள். குறைந்தது மூன்று கடைகளில் கேளுங்கள். சொல்லும் விலையில் 18 சதவீத வற் வரி சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். இங்கே நான் சொல்லக்கூடியது, கையில் உள்ள சல்லியை எந்த வரிசையில் பிரிப்பது, எது எதோடு சேரும், எது சேராது என்பதுதான்.

சுவர்

லக்சபான மின்நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் நம் கண்முன்னே கிடக்கின்றன. நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்த மலையின் லயங்களில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்தான் இன்னும் மாலை ஆறரைக்குப் பல்ப் மங்குகிறது. அதை நியாயம் பேசித் தீர்க்கும் இடம் இதுவல்ல என்பதால் கணினிக்கு அதனால் என்ன ஆகும் என்று மட்டும் பார்ப்போம்.

சுவருக்கு வர வேண்டியது 230 வோல்ட். 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216க்கும் 244க்கும் இடையில். லயத்தின் கடைசி வீட்டில், எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கரும் கேத்தலும் போட்டிருக்கும் நேரத்தில், இந்தக் கணக்கு நிற்காது. முதல் வேலையாக ஒரு மல்டிமீட்டரை இரவல் வாங்குங்கள். ஹட்டன் டவுனில் எலக்ட்ரிக் வேலை செய்யும் யாரிடமும் இருக்கும். காலை, மத்தியானம், மாலை ஏழு மணி என்று மூன்று வேளை அளந்து எழுதி வையுங்கள். பழக்கமில்லாதவர் மீட்டரின் முள்ளைச் சுவரில் செருகப் போகக் கூடாது. தெரிந்தவரையே அளக்கச் சொல்லுங்கள். அந்த மூன்று எண்களில் மிகச் சிறியதுதான் உங்கள் பட்டியலின் முதல் வரி.

இரண்டாவது வரி எர்த். நம் வீடுகளில் இரண்டு முள் பிளக்கை 13 ஆம்பியர் சதுரத் துளைக்குள் செருக ஒரு பழக்கம் உண்டு: மேலே உள்ள எர்த் துளைக்குள் பேனாவை விட்டு அமுக்குவது, கீழே உள்ள இரண்டு மூடியும் திறந்தவுடன் பிளக்கைத் தள்ளுவது. கைபேசி சார்ஜருக்கு அது ஓடிவிடும். கணினிக்கு ஓடாது. கணினியின் பவர் சப்ளைக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர்கள் இரண்டு, இரும்புப் பெட்டியோடு இணைந்திருக்கும். எர்த் இல்லாத இடத்தில் அவை வழியாகப் பெட்டிக்கு ஏறக்குறைய பாதி வோல்டேஜ் ஏறிவிடும். ஓட்டம் மிகச் சிறியது என்பதால் ஆளைத் தூக்கியெறியாது. கேசிங்கில் கை பட்டால் எறும்பு ஊர்வதுபோல் சுரீரென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அதே வோல்டேஜ் எச்டிஎம்ஐ வயரைச் செருகும்போது போர்ட்டுக்குள் பாய்ந்து அதைக் கெடுத்துவிடக்கூடும். வெறுங்காலோடு சிமெந்துத் தரையில் நின்று தொட்டால் சுரீரென்கிற கணினி எந்த லயத்தில் இருந்தாலும் அங்கே எர்த் இல்லை, அல்லது அறுந்திருக்கிறது. தகுதியுள்ள மின்பணியாளர் ஒருவரைக் கூப்பிட்டு எர்த் கம்பி இறக்கி, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்க்க வைப்பதற்கான செலவைக் கணினிச் செலவிலேயே சேருங்கள். கேட்டால் எல்லாருக்கும் கசக்கும். ஐந்து வருஷத்துக்கு முன் செய்திருக்க வேண்டிய வேலைதான்.

இடியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சித்திரை மாதத்திலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மழை வழக்கம். தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வருவதும் அதே காலம். புதுக் கணினி வீட்டுக்கு வருவது பெரும்பாலும் இடிக்காலத்தில்தான். அருகில் விழும் இடியை எந்த யூபிஎஸ்ஸும், எந்தப் பாதுகாப்பு மல்டிபிளக்கும் தாங்காது, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும். பிளக்கைக் கழற்றுவதே வழி. அதோடு ரவுட்டருக்குப் போகும் வயரையும் கழற்ற வேண்டும். கூரைமேல் அன்டெனா வைத்து 4ஜி இழுக்கும் வீடுகளில் அதை மறந்துவிடுகிறார்கள். இடி அந்த வழியாகவும் வரும்.

தினமும் பிளக்கைக் கழற்றுகிற வீட்டில் இன்னொன்று நடக்கும். மதர்போர்ட்டில் காசு அளவில் ஒரு பட்டன் பற்றறி இருக்கிறது, சிஆர்2032 என்று பெயர். சுவரில் கரண்ட் இருக்கும்வரை அதற்கு அதிக வேலையில்லை. கழற்றிக் கழற்றி வைத்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும். கணினியின் நேரம் பல வருஷம் பின்னுக்குப் போய்விடும், பிரவுசர் எந்தப் பக்கத்தையும் திறக்காமல் ‘பாதுகாப்பற்றது’ என்று அடம்பிடிக்கும். வைரஸ் என்று பயந்து மெஷினையே கடைக்குத் தூக்கிப் போனவர்கள் உண்டு. ஒரு பற்றறி வாங்கிப் போட்டால் தீர்ந்தது.

பவர் சப்ளை

மொத்தச் சல்லியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இதற்கு ஒதுக்குங்கள். கேசிங்கோடு இலவசமாக வரும் பவர் சப்ளையை நான் ஒருவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கொழும்பில் ஏசி அறையில், நல்ல கரண்டில் அது ஓடிவிடலாம். இங்கே அது முதலில் சாகும், சாகும்போது மதர்போர்ட்டையும் கூட்டிப் போகலாம்.

பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டையைப் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும். பெரிய எழுத்தில் 500 வொட், 600 வொட் என்று இருப்பதைப் பார்க்காதீர்கள். ‘+12வி’ என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால், 12ஆல் பெருக்க 216 வொட். புரொசசரும் கிராபிக்ஸ் கார்ட்டும் இழுப்பது அந்தக் கோட்டிலிருந்துதான். மேலே 500 என்று போட்டிருந்தாலும் உங்கள் கையில் இருப்பது 216. நேர்மையான 450 வொட் சப்ளையில் அந்த இடத்தில் 36 ஆம்பியர் அளவில் இருக்கும்.

அதே அட்டையில் ‘உள்ளீடு’ என்று ஒரு வரி உண்டு. மலைநாட்டுக்காரருக்கு முழு அட்டையிலும் முக்கியமானது அந்த வரிதான், யாரும் அதைப் பார்ப்பதில்லை. சிலவற்றில் ‘200–240’ என்று இருக்கும். சிலவற்றில் ‘100–240’ என்று இருக்கும். இரண்டாவது வகை, மாலையில் உங்கள் வீட்டில் 180 வோல்ட்தான் வருகிறது என்றாலும் முகம் சுளிக்காமல் ஓடும். முதல் வகை அங்கே அணைந்து அணைந்து எரியும். முன்பே அளந்து வைத்த சின்ன எண்ணை இங்கே ஒப்பிட்டுப் பாருங்கள். 200க்குக் கீழே இறங்குகிற வீடு என்றால் 100–240 வகைதான் வாங்க வேண்டும், வேறு எதில் சல்லியைக் குறைத்தாலும் பரவாயில்லை. பழைய, மலிவுச் சப்ளைகளின் முதுகில் 115, 230 என்று ஒரு சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கலாம். அது 230இல் இருக்கிறதா என்று முதல்முறை பிளக் செருகும் முன் பாருங்கள். 115இல் இருந்தால் ஒரு வெடிச் சத்தத்தோடு கதை முடியும்.

வயர்களில் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். மதர்போர்ட்டுக்கு 24 முள். புரொசசருக்கு நாலும் நாலுமாகப் பிரியும் 8 முள். கிராபிக்ஸ் கார்ட் போடுவதானால் அதற்கு ஆறும் இரண்டுமாகப் பிரியும் 8 முள். பின்னிரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றதை அமுக்கக் கூடாது. கழற்றிப் பூட்டும் வயர்கள் உள்ள சப்ளையைப் பழசாக வாங்கினால் அதனோடு வந்த வயர்களையே வாங்குங்கள். வேறு கம்பெனி வயர் அதே துளைக்குள் போகும், ஆனால் உள்ளே முள் வரிசை வேறு. ஹார்ட் டிஸ்க் கருகிப்போகும்.

யூபிஎஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. கிராபிக்ஸ் கார்ட் இல்லாத சாதாரணக் கணினிக்கு 650 விஏ போதும்; உண்மையில் அது 360 வொட் அளவுதான் கொடுக்கும், நமக்கு அதுவே மிச்சம். கரண்ட் போனால் வேலையைச் சேமித்து அணைக்கச் சில நிமிடம் கிடைக்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த மாதிரி நாட்களுக்கு யூபிஎஸ் விடையல்ல. மலிவு யூபிஎஸ்கள் பற்றறியில் ஓடும்போது கொடுக்கும் மின் அலை படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டது, சில நல்ல பவர் சப்ளைகள் அதை ஏற்காமல் அணைந்துவிடும். இதைத் தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கடையிலேயே கணினியை யூபிஎஸ்ஸில் போட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போது சுவரிலிருந்து யூபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். அணையாமல் இருந்தால் இரண்டும் சேரும். லேசர் பிரின்டரை யூபிஎஸ்ஸில் செருகாதீர்கள்.

புரொசசரும் மதர்போர்ட்டும்

இவை இரண்டையும் ஒரே பாகமாக நினைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே ‘நல்ல சாமான்’ என்று எதுவும் கிடையாது.

கடையில் ‘ஐ5 மெஷின்’ என்று கூவி விற்பார்கள். ஐ5 என்பது ஒன்றையும் சொல்லாது. அதற்குப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012இல் வந்தது. ஐ5-8400 எட்டாம் தலைமுறை. ஐ3-12100 பன்னிரண்டாம் தலைமுறை. இந்தக் கடைசி ஐ3, பழைய ஐ7-7700ஐயே முந்திவிடும், கரண்டும் குறைவாக எடுக்கும். ஆகவே கேள்வி ‘ஐ எத்தனை’ என்பதல்ல, ‘முழு எண் என்ன’ என்பது.

எண்ணின் கடைசியில் எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐ3-12100எஃப் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். அந்த ‘எஃப்’ வந்தால் உள்ளே படம் காட்டும் பகுதி இல்லை என்று அர்த்தம். தனிக் கிராபிக்ஸ் கார்ட் போடாமல் மொனிட்டரில் ஒன்றும் வராது. ஏஎம்டி பக்கத்தில் கதை தலைகீழ். ரைசன் 5 5600 என்றால் படம் வராது, ரைசன் 5 5600ஜி என்றால் வரும். சின்ன மிச்சத்துக்கு ஆசைப்பட்டு எழுத்து மாறிய புரொசசரோடு மலையேறி வந்து, கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

அடுத்தது சொக்கெட். இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைகள் எல்ஜிஏ1700இல் உட்காரும். 10, 11ஆம் தலைமுறைகள் எல்ஜிஏ1200இல். அதற்கு முந்திய எல்ஜிஏ1151இல் ஒரு பொறி இருக்கிறது: 6, 7ஆம் தலைமுறைக்கும் 8, 9ஆம் தலைமுறைக்கும் சொக்கெட் பெயர் ஒன்று, அளவும் ஒன்று, ஆனால் ஒன்றின் போர்ட்டில் மற்றது ஓடாது. பழைய சாமான் வாங்குகிறவர்கள் அதிகம் விழுவது இதில்தான். போர்ட்டின் சிப்செட் எண் 100, 200 வரிசையா (எச்110, பி250), 300 வரிசையா (எச்310, பி365) என்று கேளுங்கள். முதலாவது 6, 7க்கு. இரண்டாவது 8, 9க்கு.

ஏஎம்டியில் ஏஎம்4, ஏஎம்5 என்று இரண்டு. ஏஎம்5 புதிது, 2022இல் வந்தது, டிடிஆர்5 ரேம் மட்டுமே ஏற்கும். குறைந்த சல்லியில் பூட்டுகிறவருக்கு இன்னும் ஏஎம்4 பொருந்தும். ஏஎம்4க்குள்ளும் கவனம் வேண்டும். 5600ஜி, ஏ520, பி550 போர்ட்களில் ஓடும். பி450 போர்ட்டிலும் ஓடும், ஆனால் அந்தப் போர்ட்டின் பயோஸ் (அதைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) பழசாக இருந்தால் முதலில் புதுப்பிக்க வேண்டும், அதைச் செய்ய ஒரு பழைய புரொசசர் தேவைப்படலாம். கடையில் பழைய புரொசசர் இருக்கும், உங்கள் வீட்டில் இருக்காது. மறுபக்கம், பழசாகக் கிடைக்கும் ரைசன் 3 3200ஜியை ஏ520, பி550 போர்ட்கள் பெரும்பாலும் ஏற்காது. எண் பெரிதாக இருக்கிறது, போர்ட் புதிது, ஆகவே ஓடும் என்ற கணக்கு ஏஎம்4இல் எடுபடாது. போர்ட் தயாரித்தவர் வெளியிடும் ஆதரவுப் பட்டியலில் உங்கள் புரொசசரின் முழு எண் இருக்கிறதா, எந்தப் பயோஸிலிருந்து என்று பார்ப்பதே கடைசித் தீர்ப்பு. சிக்னல் உள்ள ஜன்னலோரம் கைபேசியில் பத்து நிமிட வேலை.

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு எடுக்கும் பிள்ளைக்கும், பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படிக்கும் ஆசிரிய மாணவருக்கும் ஐ3-12100, எச்610 போர்ட் தாராளம். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ கொமியூனிகேஷன் கடை வைத்து, கலியாண வீடியோவும் வெட்டித் தருகிறவருக்கு ஆறு கோர் உள்ள 5600ஜி மேல். எச்610 வாங்கும்போது ஒன்றைக் கேட்க மறக்காதீர்கள்: அந்தப் போர்ட் டிடிஆர்4 வகையிலும் வருகிறது, டிடிஆர்5 வகையிலும் வருகிறது. சில கம்பெனிகளில் பெயருக்குப் பின்னால் ‘டி4’ என்ற இரண்டெழுத்து மட்டும்தான் வித்தியாசம்.

பழைய போர்ட் என்றால் முள்ளைப் பாருங்கள். இந்த இன்டெல் வரிசைகளில் முட்கள் போர்ட்டில் இருக்கும், ஏஎம்4இல் புரொசசரில் இருக்கும். கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கி, டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்தால் வளைந்த முள் ஒன்று மட்டும் வேறு மாதிரி மின்னும்.

ரேம், எஸ்எஸ்டி, மொனிட்டர்

ரேம் எட்டு ஜிபி ஒரு துண்டு வாங்கப் போகிறீர்களா, இரண்டு எட்டா? தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாத கணினியில் படம் காட்டும் பகுதியும் அதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது. இரண்டு துண்டு போட்டால் இரு பாதையில் ஓடும், அந்த வித்தியாசம் 5600ஜியில் கண்ணுக்கே தெரியும். இப்போதைய விலையில் இரண்டுக்கு வழியில்லை என்றால் ஒன்றோடு தொடங்குங்கள், ஆனால் அதன் மேல் ஒட்டியுள்ள தாளில் இருக்கும் வேகத்தை எழுதி வையுங்கள். பிறகு வாங்குவதும் அதே வேகமாக இருந்தால் நல்லது. வேறுபட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும். நாலு துளை உள்ள போர்ட்டில் பெரும்பாலும் இரண்டாவதிலும் நாலாவதிலும் போட வேண்டும். டிடிஆர்3, 4, 5 மூன்றுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், மாறிப் போகாது. போகவில்லை என்றால் அமுக்காதீர்கள். லாப்டாப் ரேம் பாதி நீளம்தான் இருக்கும், மலிவு என்று யாராவது நீட்டினால் அளந்து பாருங்கள்.

எஸ்எஸ்டி கட்டாயம். புரொசசரில் ஒரு படி இறங்கியாவது இதை வாங்குங்கள். சூயிங்கம் பட்டை போல இருக்கும் எம்.2 வகையில் சாட்டா என்றும் என்விஎம்இ என்றும் இரண்டு உண்டு, உருவம் ஒன்றே. பெரும்பாலும் சாட்டாவுக்கு இரண்டு வெட்டு, என்விஎம்இக்கு ஒரு வெட்டு. போர்ட்டின் துளை எதை ஏற்கும் என்று கையேட்டில் இருக்கும். அதைப் பிடிக்கும் நகக்கண் அளவு ஸ்க்ரூ ஒன்று மதர்போர்ட் பெட்டிக்குள் சின்னப் பொலித்தீனில் வரும். பெட்டியைக் கடையிலேயே திறந்து அது இருக்கிறதா என்று பாருங்கள். நுவரெலியாவில் எத்தனை கடை ஏறி இறங்கினாலும் அந்த ஸ்க்ரூ கிடைப்பது அதிர்ஷ்டம்.

கொழும்பில் அலுவலகம் மாற்றும்போது கழித்துவிடும் 19 அங்குல மொனிட்டர்கள் மலிவு, நல்லவையும்கூட. ஆனால் அவற்றில் பல நீலநிறப் பழைய விஜிஏ வாய் மட்டும் உள்ளவை. மதர்போர்ட்டின் முதுகுப் படத்தைப் பார்த்து விஜிஏ இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இல்லையென்றால் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும் சின்னக் கருவி ஒன்றையும் பட்டியலில் சேருங்கள். வைஃபையும் அப்படித்தான்: மலிவு போர்ட்களில் இல்லை. யுஎஸ்பி வைஃபை துண்டு ஒன்று வாங்கலாம், அல்லது கைபேசியை யுஎஸ்பி வயரில் செருகி இணையம் எடுக்கலாம். மலைக்குப் பின்னால் ஒரே ஜன்னலில் சிக்னல் உள்ள வீட்டுக்கு நீளமான வயர் பெரிய உதவி.

கேசிங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்ட் உட்கார வேண்டும், வண்ண விளக்கு வேண்டாம்.

பழைய அலுவலக மெஷின்

பாகம் தேடுவது தலைவலி என்று நினைப்பவர்களுக்கு டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்றவை நல்ல வழி. நான் இதைக் குறைவாகச் சொல்லமாட்டேன். மட்டமான பாகங்களால் பூட்டிய புதுக் கணினியைவிட நன்றாகப் பராமரித்த ஒப்டிபிளெக்ஸ் மேல். இரண்டு நிபந்தனை. ஒன்று, இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்கட்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அதற்கு முந்திய இன்டெல் புரொசசர்களில் ஏறக்குறைய எதையும் ஏற்பதில்லை. ஏழாம் தலைமுறை மிக மலிவாகக் கிடைத்தால் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம், தமிழ் யூனிகோட் அதில் தடையில்லாமல் ஓடும். ஆனால் பள்ளிக்கூடத்தில் விண்டோஸில் பாடம் எடுக்கும் பிள்ளைக்கு அது கொஞ்சம் சங்கடம். இரண்டாவது, இவற்றின் பவர் சப்ளை பலவற்றில் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவம், முள் வரிசையும் வேறு. கருகிப்போனால் ஹட்டனில் வாங்கும் சாதாரணச் சப்ளை உள்ளே போகாது. ஆகவே வாங்கும் அன்றே ‘இதற்கு மாற்றுச் சப்ளை உங்களிடம் இருக்கிறதா’ என்று கேட்டு, இருந்தால் விலையையும் எழுதி வாங்குங்கள். ஒல்லி வகைப் பெட்டியில் பிறகு கிராபிக்ஸ் கார்ட் போடும் ஆசை இருந்தால் அரை உயரக் கார்ட் மட்டும்தான் உட்காரும்.

குளிர், ஈரம், புகை

நுவரெலியா 1868 மீற்றர் உயரம், சராசரி வெப்பம் 16 பாகை அளவில். காற்று கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு மெல்லியது, அதனால் காற்றாடி வீசும் காற்று கொஞ்சம் குறைவாகவே சூட்டை எடுத்துப்போகும். ஆனால் குளிர் அதை ஈடுசெய்து மிச்சமும் வைத்துவிடும். புரொசசர் பெட்டிக்குள் வரும் காற்றாடியே போதும். தனிக் கூலர் வாங்கும் காசை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். கொழும்புக்காரர் யாரும் உங்களுக்கு இதைச் சொல்ல மாட்டார், அவர் அறையில் 31 பாகை.

நமக்கு எதிரி ஈரம். விடிகாலை பத்துப் பாகைக்கு இறங்கிய இரும்புப் பெட்டி உள்ள அறைக்குள் அடுப்படியிலிருந்து கேத்தல் ஆவி வந்தால், கண்ணாடி ஜன்னலில் பூப்பதுபோல் போர்ட்டிலும் நீர் பூக்கும். அந்த நேரத்தில் கணினியைப் போடாதீர்கள். அறை சமநிலைக்கு வர ஒரு மணித்தியாலம் விடுங்கள். வாரக்கணக்கில் போடாமல் மூடி வைப்பதும் கூடாது. தினமும் கொஞ்ச நேரம் ஓடும் கணினி தன் சூட்டிலேயே காய்ந்துகொள்ளும், மழைக்கால விடுமுறையில் பூட்டி வைத்ததுதான் துருப்பிடிக்கும். விறகடுப்புப் புகை உள்ள லயத்தில் காற்றாடி இறக்கையில் கரியும் ஈரமும் சேர்ந்து பசையாகும். அடுப்படிச் சுவரைத் தவிர்த்து, தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். பொலித்தீன் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளே அடைபடும். பழைய சேலைத் துணி போதும்.

கடையிலும் பஸ்ஸிலும்

போகும் முன்னால் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் பட்டியலை அனுப்பி, இப்படிக் கேளுங்கள்: “அண்ணா, நான் ஹட்டன் பக்கத்திலிருந்து வாறேன், திரும்ப வர ஏலாது. இந்தப் போர்ட்டில இந்தப் புரொசசர் இப்ப இருக்கிற பயோஸிலேயே ஓடுமா? பூட்டி, விண்டோஸ் ஏத்தி, ஒரு மணித்தியாலம் ஓட்டிக் காட்டுவீங்களா? இன்டைக்குச் சொன்ன விலை சனிக்கிழமையும் இருக்குமா?” பதில் எழுத்தில் வரட்டும். பூட்டித்தர ஒரு சின்னத் தொகை கேட்டால் கொடுங்கள், பேரம் பேசுகிற இடம் அதுவல்ல. சனிக்கிழமை காலையிலேயே போய்ச் சேருங்கள். பின்னேரம் போனால் அவர்கள் அவசரத்தில் பூட்டுவார்கள், நீங்கள் கடைசி பஸ்ஸை நினைத்துத் தலையாட்டுவீர்கள்.

பூட்டிய கேசிங்கைப் பஸ்ஸில் கொண்டுவரும்போது போர்ட் தரைக்குக் கிடையாக இருக்கும்படி, அதாவது கேசிங்கைப் படுக்க வைத்துப் பிடியுங்கள். கித்துல்கலைக்கு மேலே கினிகத்தேனை வரை வளைவுக்கு வளைவு அது ஆடும். கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் கழற்றி அதன் பெட்டியிலேயே கொண்டுவாருங்கள், அதன் பாரம் துளையை உடைத்துவிடும். டிக்கிக்குள் போடக் கொடுக்காதீர்கள். உடரட்ட மெனிக்கே ரயிலில் வருவதானால் தட்டில் வைக்காமல் காலடியில் வையுங்கள்.

பில்லில் ஒவ்வொரு பாகத்தின் தொடர் இலக்கமும் எழுதப்பட வேண்டும். கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பல பில்களில் ஒரு வருட வொரண்டி என்பது 350 நாள் என்று இருக்கும். கருகிய அடையாளம், துரு, இடி, உடைவு இருந்தால் வொரண்டி கிடையாது என்றும் இருக்கும். மேலே எர்த்துக்கும் ஈரத்துக்கும் அவ்வளவு இடம் ஒதுக்கியது இதற்காகவும்தான். பெட்டிகளை அடுப்பெரிக்கப் போடாமல் பரணில் ஏற்றி வையுங்கள், அட்டைப் பெட்டி இல்லாமல் சில கடைகள் சாமானைத் திருப்பி எடுப்பதில்லை. பில் அச்சடித்த வழுவழுப்புத் தாள் வெயிலிலும் அடுப்புச் சூட்டிலும் மாதக்கணக்கில் வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே, பஸ்ஸில் உட்கார்ந்த கையோடு, அதைக் கைபேசியில் படமெடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.